புதுப்பிப்பு: மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் பயிற்சி முடித்த பிறகு

"மூன்றே மாதம், வேலை உறுதி" என்ற பயிற்சி மையத்தில் சேரலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு மருத்துவ அறிக்கையாகத் தட்டச்சு செய்யும் வேலைதான் இது. சேர்ந்து முடித்தும்விட்டேன். முதல் தேர்விலேயே தோல்வி.

வகுப்பில் தெளிவான பாட ஒலிகளை மட்டுமே தட்டச்சு செய்தோம். தேர்வில் வந்ததோ நிஜ டாக்டர்களின் குரல்: வேகம், முணுமுணுப்பு, பின்னால் வார்டு இரைச்சல். ஹைப்பர்கலீமியாவா (ரத்தத்தில் பொட்டாசியம் கூடுவது) ஹைப்போகலீமியாவா (அது குறைவது) என்பதைக் காதை மட்டும் நம்பி எழுதக் கூடாது. பொட்டாசியம் கூடியதா குறைந்ததா என்று அறிக்கையின் மற்ற வரிகளோடு ஒப்பிட வேண்டும். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி குழப்பத்தில் 15 மில்லிகிராம் 50 ஆகிவிடும். சந்தேகம் தீராவிட்டால் ஊகிக்காமல் இடத்தை வெறுமையாக விட்டுக் குறிப்பு எழுத வேண்டும். நோயாளியின் உயிரோடு சம்பந்தப்பட்ட இந்த அடிப்படையைக்கூடச் சொல்லித்தராதது எனக்கு இன்னும் ஆறவில்லை.

வேலை வாய்ப்பு பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். இப்போது முதல் வரைவை மென்பொருளே தந்துவிடுகிறது. ஒலியைக் கேட்டுத் திருத்தும் எடிட்டர் வேலைக்குத்தான் ஆள் தேடுகிறார்கள். வரிக்கணக்கில் சம்பளம் என்றால், ஒரு வரிக்கு எத்தனை எழுத்து (65 என்பது பரவலான கணக்கு), திருத்தும் வரிக்கு என்ன வீதம் என்று முதலிலேயே கேளுங்கள்.

இத்துறையில் இருக்கும் ஓர் அக்கா, நோயாளி விவரம் நீக்கிய பதிவுகளை வைத்து எனக்குத் தினமும் பயிற்சி தருகிறார். அடுத்த மாதம் மறுபடி தேர்வு எழுதுகிறேன்.