சொல் வேண்டும்: பையில் அடங்கும் சைக்கிள் பம்பு

திங்கள், காலை 9.10

அன்பர்களுக்கு வணக்கம்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சின்னப் பம்பு ஒன்றின் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மொத்தம் 12 பக்கம். வெள்ளி மாலை அச்சுக்குப் போக வேண்டும். எல்லாம் முடிந்து, பொருளின் பெயரில் வந்து நிற்கிறேன்.

ஒரு சாண் நீளம் இருக்கும். இருக்கைக்கு அடியில் தொங்கும் பையில் அடங்கிவிடும். வழியில் பஞ்சரானால் எடுத்து அடிக்கலாம். வெறுமனே "பம்பு" என்று போட்டுவிட்டுப் போக முடியவில்லை, ஏனென்றால் மூன்றாம் பக்கம் முழுக்க ஒப்பீடு: தரையில் நிறுத்திக் காலால் அழுத்திக்கொண்டு இரு கையாலும் அடிக்கும் பெரியது, வண்டிச் சட்டத்தோடு மாட்டிவைக்கும் நீளமானது, ஒரே முறை பீறிடும் வாயுக்குப்பி, அப்புறம் நம்முடைய இந்தச் சின்னது. நான்கும் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

முதலில் "கைப்பம்பு" என்று எழுதினேன். படித்துப் பார்க்கக் கொடுத்த தோழி, "தண்ணீர் அடிக்கிறதா?" என்று கேட்டாள். கைப்பம்பு என்றதும் அவள் மனத்தில் குடம்தான் வந்தது. அதை விட்டுவிட்டேன். உங்கள் கருத்து தேவை.


திங்கள், காலை 11.40

அம்மா, சொல் சங்க காலத்திலிருந்தே இருக்கிறது. துருத்தி. கொல்லன் உலைக்குக் காற்றூட்டும் கருவி. காற்றை இழுத்து ஒரு துளை வழியாகத் தள்ளுவதுதான் அதன் வேலை. உங்கள் கருவியும் அதையேதான் செய்கிறது. குறுமை சேர்த்தால் குறுந்துருத்தி. கையால் இயக்குவது என்று காட்ட வேண்டுமானால் கைத்துருத்தி.

குறுந்தொகை 172ஆம் பாட்டை நினைத்துப் பாருங்கள். ஏழு ஊர்ப் பொது வேலைக்கு ஓர் ஊரில் கட்டிவைத்த உலைத்துருத்தி போல எல்லை தெரியாமல் வருந்துகிறது என் நெஞ்சு என்கிறாள் தலைவி. அங்கே துருத்திக்கு வரும் சொல் "மிதிதோல்". மிதிக்கும் தோல்! நாம் சைக்கிளை மிதிவண்டி என்கிறோம். மிதிதோலும் மிதிவண்டியும் இவ்வளவு காலம் கழித்துச் சந்திக்கும்போது நாம் பம்பு பம்பு என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா?

இன்னொன்று. துருத்தி என்றால் ஆற்றிடைக்குறை என்றும் பொருள். திருப்பூந்துருத்தி அப்படி வந்த பெயர். நீரைப் பிளந்து துருத்திக்கொண்டு நிற்கும் நிலம் என்பதாலோ என்று எனக்குத் தோன்றுகிறது. உலைத்துருத்தியும் தோலிலிருந்து துருத்தி நிற்கும் குழாய் உடையது. இரண்டும் ஒரே வேர் என்பது என் கருத்து.


திங்கள், மதியம் 1.25

ஐயா, பாட்டு அருமை. ஆனால் பொருள் பொருந்தவில்லை. நான் இயற்பியல் கற்பிக்கிறவள்; வகுப்பில் இதே பம்பைப் பிரித்துக் காட்டுவேன். துருத்தி ஒரு பை. அதன் சுவரே மடங்கி விரிகிறது. பம்பில் சுவர் அசைவதில்லை. உருளைக்குள் தண்டு ஓடுகிறது, தண்டின் நுனியில் உள்ள வளையம் காற்றைக் கசியவிடாமல் பிடிக்கிறது. இது துருத்தி இல்லை, சிவிறி.

சிவிறி என்றால் நீர் பீச்சும் குழல். விசிறி, சிவிறி என்று இலக்கணப் போலிக்கு எடுத்துக்காட்டாகப் படித்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். நீர்விளையாட்டில் பயன்பட்ட அந்தக் குழலுக்குள்ளும் தண்டுதான் ஓடியிருக்க வேண்டும். ஆகவே "வளிச்சிவிறி" என்று வைக்கலாம். வழக்குக்கு நெருக்கமாக வேண்டுமென்றால் "காற்றடிப்பான்".


திங்கள், மதியம் 2.05

அக்கா, வளிச்சிவிறி என்று சொன்னால் என்னிடம் வண்டி கொண்டுவருகிறவர்களுக்கு நான் என்ன கேட்கிறேன் என்றே புரியாது. பழுது பார்ப்பதுதான் என் தொழில். எல்லாரும் கேட்பது "சின்னப் பம்பு". அதையே போடுங்கள்.

பெயரைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, அதைக் கையேட்டில் சரியாக எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். சின்னப் பம்பால் கெடுவது டயர் இல்லை, வால்வின் தண்டு. பிரெஸ்டா வால்வு மெலிந்தது, 6 மில்லிமீட்டர்தான். ஷ்ரேடர் 8 மில்லிமீட்டர், பைக்கிலும் காரிலும் இருக்கிற அதே வால்வு, அது தாங்கும். பிரெஸ்டாவில் பம்பை நேராகச் செருகிக் கடகடவென்று அடித்தால் ஒவ்வோர் அடிக்கும் தண்டு ஆடும். கடைசியில் அடியோடு ஒடியும், அல்லது டியூப்போடு ஒட்டிய இடத்தில் கிழியும். பஞ்சர் ஒட்டிய டியூப், அதோடு போச்சு.

இடது கையால் பம்பின் தலையையும் டயரையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடிக்க வேண்டும், கட்டைவிரல் டயருக்கு மேலே. வலது கை தள்ளுகிற விசை முழுவதும் இடது கையில் வந்து நிற்க வேண்டும், வால்வுக்குப் போகக்கூடாது. சின்ன ரப்பர்க் குழாய் வைத்த பம்பு என்றால் இந்தத் தொல்லையே இல்லை. வாங்கப்போகிறவர் யார் கேட்டாலும் குழாய் வைத்ததை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.


திங்கள், மாலை 6.30

தம்பி சொன்னது பெரிய உதவி. கையேட்டில் "உறுதியாகப் பிடிக்கவும்" என்று ஒரே வரிதான் இருந்தது, எதை என்று இல்லை. இப்போது "பம்பின் தலையையும் டயரையும் ஒரே கையில் சேர்த்துப் பிடிக்கவும்" என்று மாற்றிவிட்டேன்.

பெயருக்கு வருகிறேன். "குறும்பம்பு" எப்படி? குறும்படம், குறுஞ்செய்தி, குறுந்தகடு எல்லாம் நிலைத்துவிட்டன. யாரும் விளக்கம் கேட்பதில்லை.


திங்கள், இரவு 8.15

குறும்பம்பு வேண்டாம். குறும்பு + அம்பு என்று பிரித்தாலும் அதே சொல்தான் வரும், இலக்கணம் அதற்கும் இடம் தருகிறது. கலைச்சொல்லை இரண்டு விதமாகப் பிரிக்க இடம் கொடுக்கக்கூடாது.

துருத்தி பை, பம்பு உருளை என்ற மறுப்பை நான் ஏற்கவில்லை. வடிவத்தை வைத்துப் பெயர் வைப்பதில்லை, வேலையை வைத்துத்தான் வைக்கிறோம். விளக்கு என்ற சொல் திரி போய் மின்சாரம் வந்த பிறகும் விளக்குத்தானே?


செவ்வாய், காலை 7.50

எங்கள் பக்கத்துச் சொல்லை ஒருவரும் எடுக்கவில்லையே. இலங்கையில் அறிவியல் எழுத்தில் "பம்பி" என்பது பழகிய சொல். நீர்ப்பம்பி என்று சிறுவயதிலேயே படித்தோம். நீங்கள் அழுத்தம் என்பதை நாங்கள் அமுக்கம் என்போம், அது வேறு கதை.

பம்பி வெறும் ஒலிபெயர்ப்பு என்று தள்ளிவிட வேண்டாம். பம்புதல் என்று நல்ல தமிழ் வினை இருக்கிறது: செறிதல், நிறைதல், பரவுதல். பம்பு என்ற வினையோடு இகரம் சேர்ந்தால், நிறையச் செய்வது பம்பி. டயருக்குள் காற்றைச் செறிய வைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான வினை எது? ஆங்கிலச் சொல் தமிழிலிருந்து போனது என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் பிழை. வந்த சொல்லுக்கு உட்காரத் தமிழில் ஏற்கெனவே ஓர் இடம் இருந்தது, அவ்வளவே. சிறுபம்பி என்று வையுங்கள்.


செவ்வாய், காலை 9.30

பம்புதல் தன்வினை. நிறைதல் என்றுதான் பொருள், நிறைத்தல் இல்லை. காற்று பம்பும், கருவி பம்பாது. "பம்பி" என்றால் நிறைந்திருப்பது என்று டயரைத்தான் குறிக்கும். துருத்தியில் இந்தச் சிக்கல் கிடையாது.

சிலப்பதிகாரத்தில் துருத்திக்கு இன்னொரு பெயரும் வருகிறது: குருகு. ஊதுலைக் குருகு. குருகு என்றால் நாரையும்கூட. துருத்தியின் மூக்கு நாரையின் அலகு போல் நீண்டிருப்பதால் இந்தப் பெயர் என்று நினைக்கிறேன். எனவே வால்வில் செருகும் பகுதிக்கு "அலகு" என்றே பெயர் வைக்கலாம்.


செவ்வாய், காலை 10.05

ஐயா, அலகு வேண்டவே வேண்டாம். பார், பி.எஸ்.ஐ. என்ற அளவைகளுக்கு ஏழாம் பக்கத்தில் "அழுத்த அலகு" என்று போட்டிருக்கிறார்கள். அதே பக்கத்தில் "அலகை வால்வில் செருகவும்" என்று வந்தால் படிப்பவர் தடுமாறிப்போவார். மூக்கு என்று வைப்போம்.

அந்தப் பக்கத்தைப் பற்றி இன்னொன்று. "தடித்த பம்பு விரைவில் நிரப்பும்" என்று இருக்கிறது. முழு உண்மை இல்லை. உருளையின் உள்விட்டம் 30 மி.மீ. என்றால் ஒவ்வோர் அடிக்கும் காற்று அதிகம் போகும், சரி. ஆனால் 7 பாருக்கு, அதாவது 100 பி.எஸ்.ஐ.க்கு ஏற்ற, முடிவில் சுமார் 50 கிலோ எடையை அழுத்துவதற்கு ஈடாகக் கை தள்ள வேண்டும். உள்விட்டம் 20 மி.மீ. என்றால் 22 கிலோ போதும், அடிகள்தான் கூடும். 30 பி.எஸ்.ஐ.யில் ஓடும் அகலமான மலைச் சைக்கிள் டயருக்குத் தடித்தது, ஒல்லியான சாலைச் சைக்கிள் டயருக்கு மெலிந்தது. வாங்குகிறவர் முதலில் தன் டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும். இதைச் சேர்க்க முடியுமா?


செவ்வாய், காலை 10.40

அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு. அதோடு இதையும் போடுங்கள்: தண்டைக் கடைசி வரை தள்ள வேண்டும். களைத்துப் போய்ப் பாதி அடி, கால் அடி என்று அடிக்கிறவர்களைப் பார்க்கிறேன். டயருக்குள் இருக்கும் அழுத்தத்தைத் தாண்டினால்தான் வால்வு திறக்கும். பாதியில் நிறுத்தினால் உருளைக்குள் இருக்கும் காற்று சுருங்கித் திரும்ப விரியும், டயருக்குள் ஒன்றும் போகாது. உருளை மட்டும் சூடாகும்.

பிரெஸ்டாவில் நுனித் திருகைத் தளர்த்தி, ஒரு தட்டுத் தட்டி "ஸ்" என்று காற்று வந்ததும்தான் மூக்கைச் செருக வேண்டும். சிலசமயம் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும், எவ்வளவு தள்ளினாலும் ஏறாது, பம்பைக் குறை சொல்வார்கள்.


புதன், மாலை 5.20

எல்லாம் சேர்த்துவிட்டேன். மூன்றாம் பக்கத்தில் அரைப் பக்கம் கூடிவிட்டது, அதனால் படம் ஒன்றை எடுத்தேன். மற்ற பெயர்களில் யாருக்கும் மறுப்பு இல்லை என்பதால் தரைப்பம்பு, சட்டப்பம்பு, வாயுக்குப்பி என்று முடித்தாயிற்று. மூக்கும் உறுதி.

நம்முடையதற்கு நேரிலும் தனிமடலிலும் கேட்டதைச் சேர்த்து எண்ணினேன். சிறுபம்புக்கு ஐந்து பேர், காற்றடிப்பானுக்கு இரண்டு, துருத்திக்கு ஒருவர், பம்பிக்கு ஒருவர். சிறுபம்பு என்றே அனுப்புகிறேன். எனக்கும் மனத்துக்குப் பிடித்தது குறுந்துருத்திதான், ஐயா. ஆனால் இதைப் படிக்கப்போகிறவர் இருட்டில் வண்டியைப் படுக்க வைத்துவிட்டுக் கைபேசி வெளிச்சத்தில் பக்கம் புரட்டுகிறவர். அவரைச் சொல்லுக்குப் பொருள் தேட வைக்க எனக்கு மனம் வரவில்லை.


புதன், இரவு 9.00

அச்சுக்குப் போகட்டும் அம்மா. ஆனால் குழுவின் சொல்வங்கியில் "சிறுபம்பு" என்ற பதிவுக்குக் கீழே கைத்துருத்தி என்பதையும் மாற்றுச்சொல்லாகப் போட வேண்டும். இன்று போடவில்லை என்றால் இனி எவரும் போட மாட்டார்கள். ஆற்றிடைக்குறை பற்றித் தனி இழை தொடங்குகிறேன், அங்கே பேசுவோம்.


வியாழன், காலை 6.45

முடிவை மாற்றக் கேட்கவில்லை, ஒன்றைக் கவனித்துச் சொல்கிறேன். அனுப்பிய கோப்பை வாசித்தேன். பம்போடு ஐ சேர்ந்தால் பம்பை. "சிறுபம்பைப் பிடித்துக்கொண்டு", "பம்பைக் கழற்றி". பம்பை ஒரு தோற்கருவி, ஓர் ஆறு. எனக்குத் தெரிந்து 12 பக்கத்தில் 31 இடத்தில் பம்பை வருகிறது. பம்பி என்றால் பம்பியை, பம்பிக்கு, பம்பியால், எங்கும் இடறாது.


வியாழன், காலை 8.10

31 இடத்தையும் பார்த்தேன். உண்மைதான். அவற்றில் 19ஐ "பம்பின் தண்டை", "பம்பின் உடலை", "பம்பின் மூக்கை" என்று மாற்ற முடிந்தது. அப்படி எழுதியதில் எதைப் பிடிக்க வேண்டும் என்பதும் கூடுதலாகத் தெளிந்தது. மீதி 12 அப்படியே இருக்கின்றன. இன்று மாலை வரை நேரம் இருக்கிறது, யாருக்காவது வழி தோன்றினால் எழுதுங்கள்.