தனித்தனியாக நடந்த இரு விபத்துகள்: இழப்பீட்டைப் பிரிப்பது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு ஒரு கார் மோதியதில் என் தம்பிக்கு இடுப்பில் ஜவ்வு விலகியது. வலி தணிந்து வேலைக்குத் திரும்பிய சில மாதங்களிலேயே வேறொரு கார் அவருடைய பைக்கைப் பின்னாலிருந்து இடித்துவிட, இப்போது ஒரு குடம் தண்ணீரைக்கூடக் குனிந்து தூக்க முடியாமல் தவிக்கிறார். இரு காப்பீட்டு நிறுவனங்களும் மற்ற விபத்தே காரணம் என்று கைகாட்டுவது மனதை வதைக்கிறது.

ஒரே விபத்துக்கு இரு வாகனங்கள் காரணமாக இருந்தால் முழு இழப்பீட்டையும் யாரேனும் ஒரு தரப்பிடமே பெறலாம் என்று 2015இல் கென்யெய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவை தனித்தனி விபத்துகள் என்பதால் அத்தீர்ப்பு இங்கே நேரடியாகப் பொருந்தாது என்றே கருதுகிறேன். இரு மனுக்களையும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் சேர்த்து விசாரிக்கக் கோரலாமா? இரண்டு விபத்துகளுக்கும் இடையே எடுத்த எம்ஆர்ஐ அறிக்கை கைவசம் உள்ளது; அதைக் கொண்டு ஒவ்வொரு விபத்தாலும் ஏற்பட்ட ஊனத்தின் சதவீதத்தை மருத்துவர் தனித்தனியே சாட்சியமாகச் சொன்னால் போதுமா? இத்தகைய வழக்குகளை நடத்திய வழக்கறிஞர்கள் வழிகாட்டுமாறு வேண்டுகிறேன்.