உருண்டை உருண்டையாகத் தெரிய: டிசைன் மேசையில் பார்த்ததும் கற்றதும்

மதுரையில் ஒரு அச்சகத்தில் டிசைன் வேலை. கடை போர்டு, ஃபிளக்ஸ், நோட்டீஸ், ஸ்வீட் பெட்டி எல்லாம் வரும், அதில் பாதிக்கு மேல் "எழுத்து கொஞ்சம் எழும்பி நிக்கணும்", "பந்து பந்தா தெரியணும்" என்கிற வகைதான். அதனால் ஃபோட்டோஷாப்பிலும், அதே மாதிரி வேலை செய்கிற இலவச மென்பொருளான கிம்ப்பிலும் தட்டையான திரையில் கனம் காட்டுவது பற்றி என்னிடம் சொல்ல நிறைய இருக்கிறது. புதிதாகச் சேருகிற பையன்கள் எல்லாரும் முதலில் எந்த எஃபெக்ட் போட வேண்டும் என்றுதான் கேட்பார்கள். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த சீனியர் அண்ணனிடம் அப்படிக் கேட்டால் உடனே பதில் வரும்: "தம்பி, வெளிச்சம் எங்கேர்ந்து வருதுன்னு முதல்ல சொல்லு, அப்புறம் மவுசைத் தொடு."

அவர் காட்டிய ஒரு விஷயத்தை நீங்களும் இப்போதே செய்து பார்க்கலாம். நடுத்தரச் சாம்பல் பின்னணியில் ஒரு வட்டம், அதற்குள் மேலே வெள்ளையும் கீழே கறுப்புமாக ஒரு நேர்க்கோட்டு கிரேடியன்ட் (ஒரு நிறம் மெதுவாக இன்னொரு நிறமாக மாறுவது), அவ்வளவுதான். அந்த வட்டத்தைப் பிரதி எடுத்து 180 டிகிரி திருப்பிப் பக்கத்தில் வையுங்கள். முதலாவது புடைத்துக்கொண்டு நிற்கும், இரண்டாவது குழியாகத் தெரியும். இரண்டும் ஒரே படம்தான்! முழுப் படத்தையும் தலைகீழாகத் திருப்பினால் குழி மேடாகிவிடும், மேடு குழியாகிவிடும். இதைப் பற்றி 1988ல் நேச்சர் இதழில் ஆய்வுக் கட்டுரை எழுதியவர் நம்ம ஊரில் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்யும் வி.எஸ்.ராமச்சந்திரன். வெளிச்சம் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது, அதுவும் மேலேயிருந்துதான் வருகிறது என்று மூளை தானாகவே எடுத்துக்கொள்கிறது என்பது அதன் சாரம். இன்னும் ஆச்சரியம், நாம் தலையைச் சாய்த்துப் பார்த்தால் மூளை நினைத்துக்கொள்கிற அந்தச் சூரியனும் தலையோடு சேர்ந்து சாய்ந்துவிடுகிறது. அதே கிரேடியன்ட்டை இடம் வலமாக இழுத்தால் மேடா குழியா என்று கண் தீர்மானிக்க முடியாமல் மாறி மாறிப் பார்க்கும். விண்டோஸ் 95 காலத்துப் பட்டன்களை நினைவிருக்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும்: மேலும் இடதும் வெள்ளைக் கோடு, கீழும் வலதும் கறுப்புக் கோடு, அழுத்தினால் அந்தக் கோடுகள் இடம் மாறும், பட்டன் உள்ளே போன மாதிரி இருக்கும். ஒரு பிக்சல் கோடு போதும் கண்ணை நம்பவைக்க.

சரி, உருண்டைக்கு வருவோம். கிம்ப்பில் எலிப்ஸ் செலக்ஷன் எடுத்து இழுக்க ஆரம்பித்த பிறகு ஷிஃப்ட் அழுத்தினால் சரியான வட்டம் வரும். கிரேடியன்ட் கருவியில் ரேடியல் (ஒரு புள்ளியிலிருந்து வட்டமாகப் பரவும்) வடிவம் வைத்து, வட்டத்தின் நடுவில் ஆரம்பிக்காமல் மேல் இடது பக்கம் சற்றுத் தள்ளி ஆரம்பித்து எதிர்ப்பக்க விளிம்பு வரை இழுக்க வேண்டும். இதுவரை எல்லா வீடியோவிலும் சொல்வார்கள். அவர்கள் விடுவது இதற்குப் பிறகு இருக்கிறது. வெளிச்சத்துக்கு நேர் எதிரே உள்ள விளிம்புதான் மிகவும் இருட்டு என்று நினைத்து அங்கே கறுப்பை வைத்துவிடுகிறார்கள், ஆனால் ஒரு ரப்பர் பந்தையோ எலுமிச்சம்பழத்தையோ மேசைமேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள், மிகவும் இருட்டான பகுதி விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளேயே ஒரு பிறை மாதிரி வளைந்து போகும், அதைத் தாண்டி விளிம்பில் மறுபடியும் லேசாக வெளுக்கும். மேசைமேல் பட்ட வெளிச்சம் திரும்பி வந்து பந்தின் அடிப்பக்கத்தில் படுவதுதான் அது. சிவப்புத் துணிமேல் வைத்தால் அந்த வெளுப்பில் சிவப்பு ஏறும். கிரேடியன்ட்டில் கடைசி நிறத்துக்கு முன்னால் அடர்த்தியான நிறத்தை வைத்து, கடைசியில் அதைவிட ஒரு படி வெளுத்த நிறத்தைப் போடுங்கள். அந்த ஒரு படி போட்டதும் வட்டம் பந்தாகிவிடும். ஆனால் அந்த எதிரொளி, வெளிச்சம் நேராகப் படுகிற பக்கத்தை ஒருநாளும் மிஞ்சக் கூடாது, மிஞ்சினால் பந்துக்குள் பல்ப் எரிகிற மாதிரி ஆகிவிடும்.

நிழலைப் பற்றிப் பேசாமல் இது முடியாது, என்னைக் கேட்டால் பாதி வேலை நிழல்தான். டிராப் ஷேடோ (பொருளுக்குப் பின்னால் தானாக நிழல் போடும் எஃபெக்ட்) ஒன்றை மட்டும் போட்டுவிட்டால் பொருள் தரையில் உட்காராது, காகிதத்தை வெட்டிச் சுவருக்கு முன்னால் தொங்கவிட்ட மாதிரி மிதக்கும். நான் நிழலுக்கு இரண்டு லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள்) வைப்பேன். ஒன்று பந்து தரையைத் தொடுகிற இடத்தில் மட்டும் சின்னதாக, மிக இருட்டாக, பிளர் கிட்டத்தட்ட இல்லாமல். இன்னொன்று வெளிச்சத்துக்கு எதிர்த்திசையில் நீண்ட நீள்வட்டம், காஸியன் பிளர் (ஓரத்தை மங்கலாக்குவது) தாராளமாக, ஒப்பாசிட்டி (நிறத்தின் அடர்த்தி) குறைவாக. நிஜத்திலும் நிழல் பொருளுக்குப் பக்கத்தில் கூர்மையாகவும் தள்ளிப் போகப் போக மங்கலாகவும்தான் இருக்கும், ஏனென்றால் வெளிச்சம் தருகிற ஜன்னலோ சூரியனோ ஒரு புள்ளி கிடையாது, அதற்கென்று ஓர் அகலம் உண்டு. இரண்டு லேயரும் மல்டிப்ளை என்கிற கலப்பு முறையில் இருக்கட்டும், அப்போது கீழே இருக்கிற தரையின் நிறத்தை மூடாமல் இருட்டாக்கும்: கறுப்பு 0, வெள்ளை 255 என்கிற கணக்கில் 200 இருந்த இடத்தின் மேல் 128 சாம்பல் வந்தால் சுமார் 100 ஆகும், தரையின் கோடும் புள்ளியும் அப்படியே தெரியும். நல்ல வெயிலில் எடுத்த போட்டோவில் பொருளைச் சேர்ப்பதாக இருந்தால் நிழலில் துளி நீலம் கலந்துவிடுங்கள், அங்கே வானத்து வெளிச்சம் மட்டும்தான் விழுகிறது.

ஒருமுறை பாத்திரக் கடை முதலாளி ஒருவர், வேறு இடத்தில் செய்த டிசைனோடு வந்தார். எவர்சில்வர் தம்ளர் படம். பார்க்க அழகாகத்தான் இருந்தது, வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு மெதுவாக வழிந்து போகிற கிரேடியன்ட், சுத்தமான விளிம்பு. அவர் சொன்னது: "தம்பி, எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா இது பிளாஸ்டிக் தம்ளர்." டிசைன் படித்தவர் இல்லை அவர், ஆனால் வாழ்நாள் முழுக்கப் பாத்திரத்தைக் கையில் வைத்துப் பார்த்தவர், அவர் கண் சரியாகச் சொல்லிவிட்டது. மெருகேற்றிய உலோகத்தில் நிழல் மெதுவாக மாறாது, சுற்றியிருப்பதை அது காட்டும். கடை அலமாரியிலிருந்து ஒரு தம்ளரை எடுத்து ஜன்னல் பக்கம் நிறுத்திப் பாருங்கள்: பளீரென்று ஒரு வெள்ளைப் பட்டை, அதை ஒட்டியே கத்தியால் வெட்டிய மாதிரி கிட்டத்தட்டக் கறுப்பான பட்டை, அப்புறம் சாம்பல், மறுபடி ஒரு மெல்லிய வெள்ளை, ஓரத்தில் நம் சட்டை நிறம். அதனால் உலோக உருளைக்கு கிரேடியன்ட்டில் நிறங்களை ஒன்றோடொன்று ஒட்டி வைக்க வேண்டும், இடைவெளி விட்டால் பிளாஸ்டிக், ஒட்டினால் உலோகம். இன்னொன்று, வாயும் அடியும் ஒரே அளவு வளைந்த நீள்வட்டமாக இருக்கக் கூடாது. நம் கண் தம்ளருக்கு மேலே இருப்பதால் அடிப்பக்கத்து வளைவு வாய்ப்பக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக வளைந்திருக்கும். அந்த முதலாளிக்கு இப்படி மாற்றிக் கொடுத்ததும் படத்தை விரலால் தடவிப் பார்த்தார். என் வேலையில் இதற்கு மேல் ஒரு பாராட்டு இல்லை.

தமிழ் எழுத்தைப் புடைக்க வைப்பது தனிக் கதை. எழுத்தின் ஓரத்தைச் சரிவாக்கிப் புடைக்க வைக்கும் பெவல் அண்ட் எம்பாஸ் எஃபெக்ட் பற்றிய பாடங்கள் எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தை வைத்துத்தான் இருக்கின்றன, அதே அளவுகளை நம் எழுத்துக்குப் போட்டால் வேலைக்கு ஆகாது. உள்பக்க பெவல் எழுத்தின் இரண்டு ஓரங்களிலிருந்தும் உள்ளே இறங்கி வரும், எழுத்துக் கோட்டின் தடிமன் 16 பிக்சல் என்றால் அளவு 8ஐத் தொட்டதும் இரண்டு சரிவும் நடுவில் முட்டிக்கொள்ளும், மேலே தட்டையான இடமே மிஞ்சாது. "ண", "ஞ" போன்றவற்றில் சுழி இருக்கும் இடம் நெருக்கம், வெளிப்பக்க பெவல் போட்டால் சுழி அடைத்துக்கொண்டு என்ன எழுத்தென்றே தெரியாது. புள்ளி இன்னும் மோசம். எழுத்து தட்டையான மரப்பலகை மாதிரி நிற்கும்போது மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி மட்டும் சின்ன வட்டம் என்பதால் முழுசாகக் குமிழ்ந்து மணியாகிவிடும், தூரத்திலிருந்து பார்த்தால் புள்ளிகள்தான் முதலில் கண்ணில் குத்தும். நான் செய்வது, புள்ளிகளைத் தனி லேயராகப் பிரித்து அவற்றுக்கு மட்டும் பெவல் அளவைக் குறைத்துவிடுவேன். பெரிய கடை போர்டுக்கு பெவலே வேண்டாம் என்று எழுத்து லேயரைப் பிரதி எடுத்து ஒவ்வொரு பிக்சலாகக் கீழும் வலதும் நகர்த்தி அடுக்குவேன். ஃபோட்டோஷாப்பில் மூவ் கருவி கையில் இருக்கும்போது ஆல்ட்டை அழுத்தியபடி அம்புக்குறியைத் தட்டினால் பிரதியும் நகர்வும் ஒன்றாக நடக்கும். அடியில் இருக்கிற பிரதிகளை எல்லாம் ஒரே லேயராக்கி நிறத்தை இருட்டாக்கினால் வெட்டி எடுத்த பலகை எழுத்து மாதிரியே இருக்கும், சுழியும் கெடாது.

அதே போர்டில் ஒரு முகம் இருந்தால் ஒரு விஷயம் கவனியுங்கள். ஃபோட்டோஷாப்பில் குளோபல் லைட் என்று ஒன்று இருக்கிறது, அதை டிக் செய்திருந்தால் எல்லா லேயருக்கும் வெளிச்சக் கோணம் ஒன்றாகவே போகும், நல்ல வசதி, ஆனால் போட்டோவுக்குள் இருக்கும் வெளிச்சம் அதற்குத் தெரியாது. முகத்தில் மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று பாருங்கள், அதற்கு எதிர்ப்பக்கம்தான் வெளிச்சம், அந்தக் கோணத்தை எழுத்துக்கும் கொடுங்கள். முகத்துக்கு வலமிருந்தும் எழுத்துக்கு இடமிருந்தும் வெளிச்சம் வருகிற ஃபிளக்ஸைப் பார்க்கிறவருக்கு என்ன தவறு என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ ஒட்டவில்லை என்பது தெரிந்துவிடும்.

பெட்டி சுலபம். மூன்று முகத்துக்கு மூன்று அழுத்தம், மேல்முகம் வெளிச்சம், ஒரு பக்கம் நடுத்தரம், மறுபக்கம் இருட்டு, முடிந்தது. ஐசோமெட்ரிக் கோணம் (மூன்று முகமும் ஒரே அளவில் தெரிகிற சாய்வுப் பார்வை) வேண்டுமென்றால் பக்கத்தின் உயரத்தை 86.6 சதவீதமாக்கி, 30 டிகிரி சாய்த்து, 30 டிகிரி சுழற்றினால் உட்கார்ந்துவிடும். மூன்று முகமும் சேரும் ஓரத்தில் ஒரு பிக்சல் வெளிர் கோடு போட்டால் நிஜ அட்டைப்பெட்டி மாதிரி ஆகும்.

பெரிய ஃபிளக்ஸ் செய்கிறவர்களுக்கு மட்டும் ஒன்று. 10 அடி அகலத்தை 72 டிபிஐயில் (அங்குலத்துக்கு 72 புள்ளி) வைத்தால் 8640 பிக்சல். 8 பிட் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிதான், நம் மென்மையான கிரேடியன்ட் அதில் 40 படியைத்தான் பயன்படுத்துகிறது என்றால் ஒவ்வொரு படியும் 216 பிக்சல், அதாவது அச்சில் 3 அங்குலப் பட்டை. திரையில் வழுவழுவென்று தெரிந்த உருண்டை போர்டில் வரிவரியாக வருவது இதனால்தான், மெஷின்காரரைத் திட்டிப் பயனில்லை. கிரேடியன்ட் கருவியில் டிதர் (படிகளின் ஓரத்தைப் புள்ளிகளாகக் கலந்துவிடுவது) டிக் செய்யுங்கள், மேலே 1 அல்லது 2 சதவீதம் நாய்ஸ் (பொடிப் புள்ளிகள்) சேருங்கள், கிம்ப் 2.10 முதல் படிகள் மிக அதிகமான 16 பிட்டிலேயே வேலை செய்யலாம்.

ஃபோட்டோஷாப்பிலேயே 3டி மெனு இருந்ததே என்று கேட்பவர்களுக்கு: 2007ல் சிஎஸ்3 எக்ஸ்டெண்டட் பதிப்பில் வந்ததை 2021 முதல் அடோபி கைவிட ஆரம்பித்துவிட்டது. கிம்ப்பில் ஃபில்டர்ஸ் பகுதியில் மேப் ஆப்ஜெக்ட் இன்னும் இருக்கிறது, லேபிளைக் கொடுத்தால் உருளையிலோ உருண்டையிலோ பெட்டியிலோ சுற்றிக் கொடுக்கும், எண்ணெய் பாட்டில் லேபிள் காட்ட நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன், நிழலை மட்டும் கையால் போட்டுக்கொள்வேன். பொருளைச் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டிய வேலை என்றால் பிளெண்டர் என்கிற 3டி மென்பொருளுக்குப் போய்விடுங்கள், இலவசம்தான். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தெரிகிற போர்டுக்கு அது தேவையில்லை. உங்களில் யாராவது பித்தளைக் குத்துவிளக்கை வெறும் கிரேடியன்ட்டால் செய்திருந்தால் அந்த மஞ்சளுக்கு என்னென்ன நிறம் வைத்தீர்கள் என்று எழுதுங்கள், எனக்கு இருட்டுப் பகுதி இன்னும் பச்சையடிக்கிறது.