பொருள்: பிணைத்தொகையா, அறுதித்தொகையா?

ஐயா, வணக்கம்.

விளையாட்டு ஒப்பந்தங்களில் வரும் "guaranteed money" என்பதற்கு நேற்று நீங்கள் எழுதிய "பிணைத்தொகை" எனக்கு ஒட்டவில்லை. பிணை என்றாலே கோர்ட்டு வாசல்தான் நினைவுக்கு வருகிறது. அதோடு, பிணையாகக் கட்டிய பணம் ஒருநாள் திரும்பிவிடும். நாம் பெயர் தேடும் பணமோ போனது போனதுதான்.

அமெரிக்கக் கால்பந்தில் ஒப்பந்தத்தில் எழுதியது முழுவதும் வீரர் கைக்கு வருவதில்லை. பாதியில் கழற்றிவிட்டால் மிச்சம் கிடையாது. கழற்றிவிட்டாலும் கொடுத்தே தீரவேண்டிய பகுதி ஒன்று உண்டு. அதற்குத்தான் சொல் வேண்டும்.

பிராக் ஆஸ்வைலரை எடுத்துக்கொள்ளுங்கள். டென்வர் அணியில் 2015இல் முதன்மை குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) பெய்ட்டன் மேனிங் காயம்பட்டபோது, ஏழு ஆட்டங்களில் அவர் இடத்தில் தொடக்கத்திலிருந்தே இறங்கியவர். அவ்வளவுதான் அனுபவம். 2016 மார்ச்சில் ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணி நான்கு ஆண்டுக்கு 7.2 கோடி டாலர் எழுதியது. அதில் 3.7 கோடி, கழற்றிவிட்டாலும் கொடுத்தே தீரவேண்டிய வகை. பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் நன்றாக ஆடும் குவார்ட்டர்பேக்கை எந்த அணியும் லேசில் வெளியே விடாது. சந்தைக்கு வருபவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், காயம்பட்டவர்கள், அப்புறம் இவரைப்போல் இன்னும் ஆடிக்காட்டாதவர்கள். அணிகளோ 32. பக்கத்து அணி கொத்திக்கொண்டு போய்விடுமோ என்ற பயத்துக்குக் கொடுக்கும் விலை இது.

அந்த சீசனில் அவர் வீசியதில் புள்ளி தந்த டச்டவுன் 15, எதிரணி பறித்துக்கொண்ட இன்டர்செப்ஷன் 16. ஒரே ஆண்டில் கிளீவ்லாந்து அணிக்குத் தள்ளிவிட்டார்கள். பாக்கி 1.6 கோடியை அவர்கள் தலையில் கட்ட, இரண்டாம் சுற்றில் இளம் வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் கூடவே கொடுத்தார்கள். கிளீவ்லாந்தும் 2017 சீசன் தொடங்குமுன் அவரை அனுப்பிவிட்டது. பணம் கொடுக்கும் கடமை மட்டும் போகவில்லை.

அதனால் "அறுதித்தொகை" என்கிறேன். அறுதிக்கிரயம் எழுதியபின் "வீடு பிடிக்கவில்லை, காசைத் திருப்பிக் கொடு" என்று யாராவது கேட்க முடியுமா?

*

தம்பி, கிரயப் பத்திரத்தைக் காட்டி மடக்கிவிட்டீர்கள். ஒரு சந்தேகம்: அறுதி என்றால் 7.2 கோடியும் அதுவே என்று படித்துவிடுவார்களே? "ஒப்பந்தத்தொகை", "அறுதித்தொகை" இரண்டையும் எப்போதும் சேர்த்தே எழுதினால் குழப்பம் வராது. சரி, பிணையைத் திரும்பப் பெறுகிறேன்.

அணி கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு உள்ள எல்லையை (salary cap) "ஊதிய உச்சவரம்பு" என்றால் போதும். நில உச்சவரம்பு எல்லோருக்கும் பழகியதுதானே. குவார்ட்டர்பேக் மட்டும் அப்படியே இருக்கட்டும். "காற்பின்னர்" என்று எழுதிப் பார்த்தேன். வீட்டில், யாருக்குக் காலில் பின்னல் என்று கேட்கிறார்கள்.