மோரிஸ் மைனரின் வலது முன்பக்கம் தாழ்ந்திருக்கிறது: டார்ஷன் பாரை நானே சரிசெய்யலாமா?

கேள்வி – சாட்ஸ்வொர்த், டர்பன்

அனைவருக்கும் வணக்கம். தாத்தா விட்டுச் சென்ற 1961ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000 காரை என் பெயருக்கு மாற்றச் சாலைத் தகுதிச் சான்றிதழ் தேவைப்படுகிறது. புனித வெள்ளிதோறும் எங்கள் குடும்பத்தை மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்கு ஏற்றிச் சென்ற வண்டி இது; விற்க யாருக்கும் மனம் வரவில்லை. அளந்து பார்த்ததில், வலது முன் மட்கார்டின் விளிம்பு இடதைவிட 28 மில்லிமீட்டர் தாழ்ந்துள்ளது. முன்சக்கரங்களுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பிகளான இரண்டு டார்ஷன் பார்களையும் இடம் மாற்றிப் போடலாமா, அல்லது பாரின் பின்முனையிலுள்ள லிவரை நகர்த்தினால் போதுமா? என்னிடம் ஒரு ஹைட்ராலிக் ஜாக்கியும் இரண்டு ஸ்டாண்டுகளும் உள்ளன. வீட்டு முற்றம் சற்றே சரிவானது.

மறுமொழி – பீட்டர்மாரிட்ஸ்பர்க்

தம்பி, பார்களை இடம் மாற்றவே கூடாது. ஒவ்வொரு பாரும் பல ஆண்டுகளாக ஒரே திசையில் முறுக்கப்பட்டுப் பழகியது. எதிர்ப்பக்கம் பொருத்தினால் முறுக்கு தலைகீழாகி, பார் உடைந்துபோகும். பாரின் மேல் ஆழமான கீறல் விழுந்தாலும் முறிவு அங்கிருந்தே தொடங்கும் என்பதால், குறட்டால் பிடிப்பதையும் சுத்தியலால் தட்டுவதையும் தவிர்க்க வேண்டும்.

அளவெடுப்பதையும் சரிவான முற்றத்தில் செய்ய வேண்டாம். மட்டமான சிமெண்டுத் தரையில், டயர்களில் சரியான காற்றழுத்தத்துடன், காரைச் சில அடி முன்னும் பின்னும் உருட்டி நிறுத்திய பிறகே அளக்க வேண்டும். அதன்பின் முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, பின் அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலின் கீழ் ஜாக்கியை வைத்துப் பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும் அளவுக்கு மட்டும் தூக்கி, முன் உயரத்தை மீண்டும் அளந்து பாருங்கள். கைப்பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிப்பதால், அந்த நேரத்தில் அதை நம்ப முடியாது. இப்படித் தூக்கும்போது சாய்வு குறைந்தால், குற்றம் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கில் இருக்கிறது என்று பொருள்.

சாய்வு குறையாவிட்டாலும் உடனே லிவரைத் தொட வேண்டாம். பாரின் பின்முனை காரின் தரைக்கு அடியிலுள்ள குறுக்குச் சட்டத்தில் பிணைக்கப்பட்டுள்ளது. டர்பனின் கடற்காற்றில் அந்தச் சட்டம் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். பெயிண்ட்டும் தாரும் அதை மறைத்துவிடும். துருவால் பிணைப்பு அசைந்து முன்பக்கம் தாழ்ந்திருக்கும்போது பாரை முறுக்கி உயர்த்தினால், மெலிந்த இரும்பின்மேல் கூடுதல் சுமையை ஏற்றுகிறீர்கள். அதனால் முதலில் அந்தச் சட்டத்தை ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள்.

சட்டம் உறுதியாக இருந்து, பாரைச் சரிசெய்தே ஆக வேண்டும் என்றால் ஒன்றை மறக்க வேண்டாம்: கார் ஸ்டாண்டின்மேல் நின்று சக்கரம் தொங்கும்போதும் பாரில் முறுக்கு மீதமிருக்கும். அந்த நிலையில் லிவரின் போல்ட்டைக் கழற்றினால் லிவர் கையை உடைக்கும் வேகத்தில் விடுபடும். முதலில் சக்கரத்தின் கீழ் இணைப்பான லோயர் ஆர்முக்குக் கீழே ஜாக்கியை வைத்துச் சுமையைத் தாங்கச் செய்ய வேண்டும். இந்த வண்டியில் ஷாக் அப்சார்பரின் கையே மேல் இணைப்பாகவும் இருப்பதால், அதன் முனையிலுள்ள இணைப்பைக் கழற்றி, ஆர்ம் சுமையின்றித் தளர்ந்து தொங்கும் வரை ஜாக்கியை மெதுவாக இறக்க வேண்டும். பிரேக் குழாய் இழுபடுமானால் அதை முன்னரே கழற்றிவிட்டு, பின்னர் பிரேக்கிலிருந்து காற்றை வெளியேற்றுங்கள். செங்கல் அடுக்கின்மேல் காரை நிறுத்திவிட்டு எவரும் அதன் அடியில் போகக் கூடாது.

மறுமொழி – வெருலம்

மேலே ஐயா எழுதியவற்றுடன் ட்ரன்னியனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் இரு முனைகளும் மரை வெட்டப்பட்டு, அதை மேல், கீழ் இணைப்புகளுடன் பிணைக்கும் ட்ரன்னியனுக்குள் திருகி நிற்கின்றன. ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த மரைகள் உராய்கின்றன. கிரீஸ் அடித்துவிட்டதாக ஒரு பட்டறையில் சொன்னதை நம்பி நான் ஓட்டிய காலத்தில், வீட்டு வாசலில் திரும்பும்போது கீழ் ட்ரன்னியன் கழன்று, இடது சக்கரம் மட்கார்டுக்கு அடியில் மடிந்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் மரை தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது. அது நெடுஞ்சாலையில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். இப்போது 1,000 மைலுக்கு ஒருமுறை, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, பழைய கிரீஸ் வெளியேறிப் புதியது தெரியும் வரை என் கையாலேயே அடிக்கிறேன்.

கேட்டவர் – சாட்ஸ்வொர்த்

மாமா வீட்டு மட்டமான கொட்டகையில் அளந்தேன். பின்பக்கத்தைத் தூக்கியதும் 28 மில்லிமீட்டர் வித்தியாசம் 9 ஆகக் குறைந்துவிட்டது. குறுக்குச் சட்டம் உறுதியாக உள்ளது. ஆனால் வலது கீழ் ட்ரன்னியனில் ஆட்டம் தெரிகிறது.

மறுமொழி – பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அப்படியானால் பாரை விட்டுவிடுங்கள். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்குகளை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். அதற்கு முன் ட்ரன்னியன் வேலையை முடியுங்கள். அதுவரை காரை ஓட்ட வேண்டாம். எல்லாம் முடிந்தபின் முன்சக்கர டோ-இன் (சக்கரங்களின் முன்விளிம்புகள் பின்விளிம்புகளைவிட நெருங்கியிருக்கும் அளவு) 3/32 அங்குலம், அதாவது சுமார் 2.4 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று அளந்துகொண்டு சான்றிதழுக்குச் செல்லுங்கள்.