மறுமொழி: எக்கினேசியாவின் ‘முள்’ளுக்கு என்ன பெயர் வைக்கலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்து வருகிறேன். சூரியகாந்திக் குடும்பத்தில் ஒரே பூவாகத் தெரிவது பல சிறுமலர்கள் கூடிய தலை மஞ்சரி. அந்தச் சிறுமலர்களின் அடியில் நிற்கும் செதிலான ‘பாலியா’வுக்கு (palea; எக்கினேசியாவில் முள்ளாகக் குத்துவது இதுதான்) உமி, பூமுள், அணைச்செதில், பூத்தளச் செதில் என்று நான்கு சொற்கள் வந்துவிட்டன. ஐந்தாவதாக ஒன்றைச் சொல்லத்தான் இந்த மடல்.

> புல்லுக்கும் பாலியாதான், சூரியகாந்திக்கும் பாலியாதான். இரண்டுக்கும் உமி என்றே வைத்துவிடலாமே.

இதில் எனக்கு உடன்பாடில்லை, ஐயா. நெல்லின் உமி என்பது மணியை மூடும் லெம்மா, பாலியா என்ற இரண்டு செதில்களும் சேர்ந்தது. புல்லிலேயே அது ஒரு தனி உறுப்பின் பெயராக நிற்கவில்லை. தவிர, புல்லின் பாலியா வேறு, சூரியகாந்திக் குடும்பமான ஆஸ்டரேசியின் பாலியா வேறு. இலத்தீன்காரர் இரண்டையும் பதர் என்று கூப்பிட்டுவிட்டார்கள். அந்தக் குழப்பம் நமக்கு எதற்கு?

> எக்கினேசியாவைத் தொட்டுப் பார்த்தவர்கள் பூமுள் என்பதை மறுக்க மாட்டார்கள்.

தொட்டுப் பார்த்திருக்கிறேன், அம்மா. நன்றாகவே குத்தும். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் இந்தச் செடிக்கு ருட்பெக்கியா பர்பூரியா என்றுதான் பெயர் வைத்தார். 1794-இல் மோன்ச் அதைத் தனிப் பேரினமாகப் பிரித்து எக்கினேசியா என்றார். முள்ளெலியைக் குறிக்கும் ‘எக்கினோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. செடியை அடையாளம் காணவும் இந்த முள்தான் கைகொடுக்கிறது. எக்கினேசியாவில் அது விறைப்பாக, ஆரஞ்சு நுனியோடு, நடுவில் நெருங்கி நிற்கும் வட்டுச் சிறுமலர்களைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். நடுக்கூம்பு செம்மஞ்சளாக மின்னுவது அதனால்தான். ருட்பெக்கியாவில் பெரும்பாலும் அப்படி நீட்டாது, கூம்பின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தலாம். ஓரத்தில் இதழ் போல விரியும் கதிர்ச் சிறுமலரின் நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். எக்கினேசியா பாரடாக்சாவின் கதிர்கள் மஞ்சள்.

ஆனால் காய்ந்த சூரியகாந்தித் தலையைக் கையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். விதைகளோடு படகு போல மடிந்த, சருகு போன்ற துண்டுகள் உதிரும். ஒவ்வொன்றும் ஒரு விதையை அணைத்தபடி இருந்தது. உறுப்பு அதேதான், முள் எங்கே? பூமுள் எக்கினேசியாவோடு நின்றுவிடுகிறது. அணைச்செதில் சூரியகாந்திக்குப் பொருந்தும், எக்கினேசியாவில் அது எதையும் அணைப்பதாகக் கண்ணுக்குத் தெரியாது. உருவத்தைப் பார்த்துப் பெயர் வைத்தால் செடிக்குச் செடி இடிக்கும்.

பூத்தளம் என்பது சிறுமலர்கள் உட்கார்ந்திருக்கும் மேடை, அதனால் பூத்தளச் செதில் தவறில்லை. ஆனால் பக்கத்திலேயே, தலையை வெளியிலிருந்து சூழும் பூவடிச் செதில் வருமே! “பூவடிச் செதில்கள் வெளியே, பூத்தளச் செதில்கள் உள்ளே” என்று வாய்விட்டுப் படித்தேன், இரண்டு முறை நாக்கு புரண்டது.

ஆகவே என் பரிந்துரை: இடைச்செதில். சிறுமலர்களுக்கு இடையே நிற்கும் செதில். முள்ளாக இருந்தாலும் சருகாக இருந்தாலும் நிற்கும் இடம் மாறுவதில்லை. இல்லாததைச் சொல்லவும் வசதி: செவ்வந்தி, துலுக்கச் செவ்வந்தி இரண்டுக்கும் இடைச்செதிலற்ற பூத்தளம். இடை என்றால் இடுப்பு நினைவுக்கு வராதா என்று யாராவது கேட்பீர்கள். இடைவேளை என்றதும் யாரும் இடுப்பைத் தடவிப் பார்ப்பதில்லை.

அப்புறம், ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும் செடியை (perennial) பல பருவத் தாவரம் என்பதா பல்லாண்டுத் தாவரம் என்பதா என்ற கிளைச் சண்டை. பாடநூல் முதலாவதைச் சொன்னாலும் என் வாக்கு பல்லாண்டுக்கே. குளிரில் தண்டும் இலையும் கருகிப்போன எக்கினேசியாவைச் செத்துவிட்டதென்று நினைத்துத் தொட்டியோடு கவிழ்த்தவன் நான். மண் உதிர்ந்த பிறகுதான் வேர்க்கழுத்தில் அடுத்த ஆண்டுக்கான மொட்டுகள் கண்ணில் பட்டன. விதையை ஈரத்தோடு குளிரில் வைத்து, முளைக்கவைத்து, பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில்தான் பூப் பார்க்க முடிகிற செடி. அதைப் பருவக் கணக்கில் சொன்னால் என்னைப் போல இன்னும் நாலு பேர் கவிழ்ப்பார்கள்.

சொற்கோவைக்கு வரைவு:

இடைச்செதில் – தலை மஞ்சரியின் பூத்தளத்தில், சிறுமலரின் அடியில் தோன்றும் செதில். புல்லின் பாலியாவைக் குறிக்காது.

ஒரு சிக்கல் பாக்கி. இதே குடும்பத்துக் கெய்லார்டியாவின் பூத்தளத்தில் செதிலுக்குப் பதிலாக மயிர் போன்ற விறைத்த இழைகள்தான் இருக்கின்றன. ‘இடைத்தூவி’ என்று வைக்கலாமா? தூவியை ஏற்கெனவே பாப்பசுக்கு (விதையின் உச்சியில் வரும் மயிர்க்குஞ்சம் போன்ற உறுப்பு) ஒருவர் கேட்டு வைத்திருக்கிறார், அவர் விட்டுக்கொடுத்தால் சரி.