கல்லாகிப்போன யோகட்

குழு: அப்பாயி வீட்டுப் பிள்ளைகள்

ஞாயிறு

சின்னக்கா நுவரெலியா, காலை 9:14
(படம்)
இதைப் பாருங்கள். நேற்று இரவு யோகட் கப்பின் மூடியில் ஓட்டை போட்டு, கரண்டியை நட்டு பிரீசரில் வைத்தேன். ஐஸ் பழம் மாதிரி வரும் என்று பார்த்தால் கல்லாகிவிட்டது. பெரியவன் ஒரு கடி கடித்துவிட்டு, "அம்மா, பல் ஆடுது" என்கிறான்.

மாமா பண்டாரவளை, 9:16
அதைப் பத்திரமாக வைம்மா. காற்றுக்கு அடிக்கும் கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம்.

அத்தை, 9:17
நீங்கள் சும்மா இருங்கள். கடை ஐஸ்கிரீம் வேண்டாம் என்றுதானே பிள்ளை மெனக்கெடுகிறாள்.

சின்னக்கா நுவரெலியா, 9:19
ஆமாம் அத்தை. ஏப்ரல் லீவு, சீசன் கூட்டம் வேறு. ஐஸ்கிரீம் வண்டியின் பாட்டு தெருமுனையில் கேட்டாலே இரண்டும் செருப்புக்கூடப் போடாமல் ஓடுகின்றன.

அண்ணன் கொழும்பு, 9:31
கடைக் கப்பா? எதுவும் கலக்காமல் அப்படியே வைத்தாயா?

சின்னக்கா நுவரெலியா, 9:32
அப்படியேதான் அண்ணா. 80 கிராம் கப்.

அண்ணன் கொழும்பு, 9:38
அப்படியென்றால் கல்லாகத்தான் செய்யும். யோகட்டில் பெரும்பங்கு தண்ணீர். வீட்டு பிரீசர் மெதுவாகக் குளிர்விக்கும், அந்த அவகாசத்தில் தண்ணீர் ஒன்றோடு ஒன்று சேர்ந்து பெரிய ஐஸ் பளிங்குகளாகிவிடும். நாக்கில் நறநறக்கிறதே, அது அதுதான். இங்கே ஹோட்டலில் மிஷின் கிண்டிக்கொண்டே உறையவைக்கிறது. பளிங்கு வளர நேரமும் கிடைக்காது, உள்ளே காற்றும் ஏறும். வீட்டில் மிஷினுக்கு எங்கே போவது? உறையும் முன்னாலேயே தண்ணீரை வடித்துவிட வேண்டும். முக்கால்வாசி வேலை அதிலேயே முடிந்தது.

மதினி ஹட்டன், 9:40
இவ்வளவு தெரிந்தவர் வீட்டுக்கு வந்தால் ஒரு பிளேன்டி ஊற்றத் தெரியாதவர் போல உட்கார்ந்திருப்பார்.

மாமா பண்டாரவளை, 9:40
மருமகனே, நெட்வொர்க் இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்.

அண்ணன் கொழும்பு, 9:52
கடைக் கப்பில் ஜெலட்டின் போட்டு இறுக்கியிருப்பார்கள். அதை வடிகட்ட முயன்றால் சரியாக வடியாது. வீட்டுத் தயிர்தான் நல்லது. சுத்தமான வெள்ளைத் துணியில் ஊற்றி மூட்டையாகக் கட்டி, வடிதட்டில் வைத்து, கீழே ஒரு பாத்திரம். இரவு முழுவதும் பிரிட்ஜுக்குள் இருக்கட்டும். காலையில் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும், வெண்ணெய் மாதிரி திரண்டிருக்கும்.

சின்னக்கா நுவரெலியா, 9:55
தயிருக்குத்தானே திண்டாட்டம். இந்தக் குளிரில் உறை ஊற்றினால் மறுநாள் மதியம்கூடப் பாலாகவே நிற்கிறது. மீறி உறைந்தால் கொழகொழவென்று இழுக்கிறது.

பெரியம்மா தலவாக்கலை, 10:20
இப்போதுதான் மாட்டுக்குப் புல் போட்டுவிட்டு வந்தேன். பாலைப் பொங்கக் காய்ச்சி இறக்கி ஆறவிடு. சுத்தமான விரலை உள்ளே விட்டால் பத்து எண்ணும்வரை தாங்க வேண்டும், அந்தச் சூடுதான் பதம். அதற்கு முன்னால் ஊற்றினால் உறை செத்துவிடும், ரொம்ப ஆறிவிட்டால் அது வேலையே செய்யாது. ஒரு லீற்றர் பாலுக்கு ஒரு மேசைக்கரண்டி தயிர் போதும். கூடப் போட்டால் சீக்கிரம் உறையும் என்று நினைக்காதே, புளிப்புத்தான் கூடும்.

பெரியம்மா தலவாக்கலை, 10:24
இனிமேல்தான் நம் ஊர் வேலை. பெரிய சட்டியில் கைபொறுக்கும் சுடுதண்ணீர் ஊற்றி, அதற்குள் பால் பாத்திரத்தை மூடி வைத்து, இரண்டையும் சேர்த்துக் கம்பளியால் சுற்று. சமைத்து முடித்த அடுப்பங்கரையில் ஒரு மூலையில் வைத்துவிடு. நடுவில் ஒரு தடவை சுடுதண்ணீரை மாற்று. எட்டு மணி நேரத்தில் உறைந்திருக்கும். ஆட்டிப் பார்க்காதே, திறந்து திறந்தும் பார்க்காதே. உன் அம்மாவுக்கும் அந்தப் பழக்கம்தான்.

சின்னக்கா நுவரெலியா, 10:26
திறந்துதான் பார்க்கிறேன் பெரியம்மா.

மாமா பண்டாரவளை, 10:33
எதற்கு இவ்வளவு பாடு? திஸ்ஸமகாராமைப் பக்கம் போகிறவர்களிடம் சொன்னால் எருமைத் தயிர் சட்டியோடு வந்துவிடும்.

அண்ணன் கொழும்பு, 10:36
மாமா சொல்வதும் சரிதான். எருமைப் பாலில் கொழுப்பு அதிகம், பசும்பாலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மண்சட்டியும் தண்ணீரைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். அதை அதிகம் வடிக்கவே தேவையில்லை. ஆனால் பிள்ளைகள் தினமும் தின்பதற்குப் பசும்பால் தயிர்தான் லேசு.

மாமா பண்டாரவளை, 10:37
அதன்மேல் கித்துள் பாணியை ஊற்றினால் சீனி வருத்தக்காரனும் சாப்பிடலாம்தானே? பாணி சீனி இல்லையே.

அத்தை, 10:37
கேட்டீர்களா கேள்வியை!

மதினி ஹட்டன், 10:45
பாணியும் சீனிக் கணக்குத்தான் மாமா. தேனும் கருப்பட்டியும்கூட. சேர்க்கும் சீனி ஒரு நாள் சக்தியில் 10 வீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 வீதத்துக்குக் கீழே போனால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. பெரியவர்களுக்கு அந்த 5 வீதம் ஏறக்குறைய 25 கிராம், ஆறு தேக்கரண்டி. அதுவும் சுகமாக இருப்பவர்களுக்கான கணக்கு. உங்களுக்கு கிளினிக்கில் சொன்னதுதான் கணக்கு.

மாமா பண்டாரவளை, 10:46
ஆறு கரண்டியா? என் காலைப் பிளேன்டியிலேயே பாதி போய்விடும்.

அத்தை, 10:46
சீனி போடாமல் குடிக்கிறேன் என்று என்னிடம் சொன்னீர்களே?

மாமா பண்டாரவளை, 10:47
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அண்ணன் கொழும்பு, 11:05
சீனியை அறவே விட்டாலும் சிக்கல். சீனி கரைந்திருந்தால் தண்ணீர் லேசில் உறையாது, அதனால்தான் ஐஸ்கிரீம் மெத்தென்று இருக்கிறது. இன்னொன்று, குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். ஐஸ்கிரீம் உருகியபின் குடித்துப் பாருங்கள், திகட்டும். அவ்வளவு போட்டிருக்கிறார்கள். நமக்கு நன்றாகக் கனிந்த வாழைப்பழம் போதும். மசித்துக் கலந்தால் இனிப்பும் வரும், பிசுபிசுப்பும் வரும். பட்டர் புருட் போட்டால் அதன் கொழுப்பே மெதுமையாக்கிவிடும்.

சின்னக்கா நுவரெலியா, 11:08
ஸ்ட்ரோபரி? இங்கே நசுங்கினதைக் குறைத்துக் கொடுக்கிறார்கள்.

அண்ணன் கொழும்பு, 11:10
நசுங்கினதே போதும், அழுகல் இல்லாமல் பார்த்து வாங்கு. தண்ணீர்ப் பழம் என்பதால் சட்டியில் போட்டு ஐந்தாறு நிமிடம் வற்றவிட்டு, ஆறியபின் கலந்துகொள். அன்னாசியைப் பச்சையாகப் போடாதே. அதில் உள்ள ஒரு நொதியம் பால் புரதத்தை உடைத்துக் கசக்கவைத்துவிடும். பப்பாசியும் அப்படித்தான். அன்னாசியைக் கொதிக்கவைத்தால் பிரச்சினை தீர்ந்தது.

பெரியம்மா தலவாக்கலை, 11:30
அப்பாயிக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். பேச வேண்டுமாம்.

பெரியம்மா தலவாக்கலை, 11:32
(குரல் செய்தி, அப்பாயி)
"ஏன் தாயி, ஊரே ஐஸ் மாதிரி இருக்கும்போது பிள்ளைக்கு எதற்கு இன்னும் ஐஸ்? சளி பிடித்தால் யார் பார்ப்பது? தயிரை மத்தியானம் சோற்றில் பிசைந்து கொடு."

மதினி ஹட்டன், 11:36
அப்பாயி, சளி கிருமியால் வருவது. ஐஸ் சாப்பிட்டதால் வராது.

பெரியம்மா தலவாக்கலை, 11:41
(குரல் செய்தி, அப்பாயி)
"நான் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் கொழுந்து பறித்தவள். எனக்குக் குளிரைச் சொல்லிக் கொடுக்கிறாள் பார். கொடுக்கிறதென்றால் வெயில் இருக்கும்போது கொடு. ராத்திரி வேண்டாம்."

சின்னக்கா நுவரெலியா, 11:42
சரி அப்பாயி. மத்தியானம் மட்டும்.

திங்கள்

சின்னக்கா நுவரெலியா, காலை 7:05
(படம்)
பெரியம்மா, தயிர்! கட்டியாக! ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.

பெரியம்மா தலவாக்கலை, 7:20
ம். இப்போது துணியில் கட்டு. வடிகிற தண்ணீரைக் கொட்டிவிடாதே, ரொட்டிக்கு மாவு பிசை.

செவ்வாய்

சின்னக்கா நுவரெலியா, காலை 10:10
இரண்டு கப் வடித்த தயிர், மசித்த வாழைப்பழம் ஒன்று, வற்றவைத்த ஸ்ட்ரோபரி அரைக் கப், பாணி ஒரு மேசைக்கரண்டி. பாதியைப் பழைய யோகட் கப்புகளில் ஊற்றிக் குச்சி நட்டேன். மீதியை என்ன செய்ய?

அண்ணன் கொழும்பு, 10:13
தட்டில் மெல்லிசாகப் பரப்பு, அரை விரல் கனம் போதும். மேலே பழத்துண்டு தூவி உறையவைத்து, பிறகு கையால் உடைத்துக் கொடு. மெல்லிசு என்பதால் சீக்கிரம் உறையும், கடிக்கவும் சுலபம். பல்லுக்கும் ஆபத்தில்லை.

சித்தி மஸ்கெலியா, 10:20
தட்டில் ஒட்டிக்கொள்ளுமே? அடியில் துடைத்த வாழை இலையைப் போடு. உரித்தால் வந்துவிடும்.

மதினி ஹட்டன், 10:24
சின்னவளுக்கு இன்னும் நாலு வயதாகவில்லை. கச்சான் கடலையை முழுசாகத் தூவ வேண்டாம், முழுத் திராட்சையும் வேண்டாம், தொண்டையில் அடைக்கும். கைக்குழந்தை உள்ளவர்கள் தேன் கலந்ததை ஒரு வயதுக்குள் கொடுக்கவே கூடாது. எங்கள் முன்பள்ளியில் அம்மாமாரிடம் அடிக்கடி சொல்வது இது.

நான், 10:30
அக்கா, எனக்கும் ஒன்று எடுத்து வை. வெள்ளிக்கிழமை பேராதனையிலிருந்து வருகிறேன்.

சின்னக்கா நுவரெலியா, மாலை 3:48
இடி மழை. கரண்ட் போய்விட்டது. வைத்து ஐந்தரை மணி நேரம்தான் ஆகிறது. எல்லாம் போச்சு!

அண்ணன் கொழும்பு, 3:50
கதவைத் திறக்காதே.

பெரியம்மா தலவாக்கலை, 3:51
திறக்காதே என்றால் திறக்காதே.

அண்ணன் கொழும்பு, 3:55
மூடியிருந்தால் குளிர் சில மணி நேரம் தாங்கும். கரண்ட் வந்தபின் பார். உள்ளே ஐஸ் மிச்சம் இருந்தால் திரும்ப உறையட்டும், கொஞ்சம் நறநறக்கும், அவ்வளவுதான். உருகி, ஆனால் நல்ல குளிராக இருந்தால் அப்போதே கலக்கிக் குடித்துவிடுங்கள். குளிர் விட்டுப் பல மணி நேரம் கிடந்திருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடு. உறையவைத்தால் கிருமி செத்துவிடும் என்று நினைக்கக் கூடாது. அது தூங்கும், அவ்வளவே. தயிரின் நல்ல கிருமிகளும் அப்படித்தான், நிறையப் பிழைத்திருக்கும்.

மாமா பண்டாரவளை, 4:02
எங்கள் வீட்டில் நான் தூங்குவது மாதிரி.

சின்னக்கா நுவரெலியா, மாலை 5:31
வந்துவிட்டது! குச்சியில் இருந்தது ஓரம் மட்டும் இளகியிருக்கிறது. தட்டில் இருந்ததுதான் பாதி உருகிவிட்டது. இரண்டு பேரும் கரண்டி எடுத்துக்கொண்டு தட்டைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். வாழை இலையைக்கூட நக்குகிறார்கள்.

சித்தி மஸ்கெலியா, 5:40
எங்கள் லயத்தில் எங்களுக்கு பிரிட்ஜ் இல்லை. காலையில் நீங்கள் சொன்னதைப் பார்த்து நானும் தயிரைத் துணியில் கட்டினேன். நேற்று இரவே செய்திருந்தால் ஜன்னலோரக் குளிரில் நன்றாக வடிந்திருக்கும். மத்தியானமே அவிழ்த்து, வாழைப்பழத்தையும் மரத்தக்காளியையும் வெட்டிப் போட்டுக் கொடுத்தேன். உறையவில்லை. சட்டி காலி.

அண்ணன் கொழும்பு, 5:44
சித்தி, அது உறைந்ததைவிட நன்றாக இருந்திருக்கும்.

புதன்

சின்னக்கா நுவரெலியா, பகல் 12:20
(படம்)
வெயிலில் கொடுத்தாயிற்று அப்பாயி. எடுத்து ஐந்து நிமிடம் வெளியே வைத்துக் கொடுத்தேன், கடிக்க மெத்தென்று இருந்தது. பெரியவன் இரண்டு கேட்டான், ஒன்றுதான் கொடுத்தேன்.

பெரியம்மா தலவாக்கலை, 12:34
(குரல் செய்தி, அப்பாயி)
"எனக்கு ஒன்று கொடுத்து அனுப்பு. புளிக்காமல் பார்த்துக்கொள்."

நான், 12:35
தலவாக்கலை வருவதற்குள் உருகிவிடுமே?

பெரியம்மா தலவாக்கலை, 12:36
கம்பளியில் சுற்றி அனுப்பச் சொல்கிறார்.